மூத்தவனின் பிறப்புப் பத்திரம்

தெல்லிப்பழை
09.02.2025

தம்பி குகதாசனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற கடிதம் அல்ல இது. உன் சுகத்தை சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டு அறிந்துகொள்கிறேன். என் சுகத்தை நீ கேட்டு மூன்று வருடமாகிறது. அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று என் பிள்ளையைப் பின்னறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டாய், அன்றோடு நின்றது. "சனம் வந்திருக்குது அக்கா, கொஞ்ச நேரம் உள்ளுக்கை இருக்கட்டும்" என்றாய். கிரியை செய்யவேண்டிய மகன் உள்ளே கதவில் தலையை அடித்துக்கொண்டிருந்தான். வெளியே அத்தானின் தமையன் மகன் தர்ப்பை போட்டு இருந்தான். நான் அதை மறக்கவில்லை. மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே.

போன் எடுத்தால் உன் பெண்சாதி குணலட்சுமி எடுக்கிறாள். நீ பாடசாலையில் என்கிறாள், ஞாயிற்றுக்கிழமையிலும். அதனால்தான் பாடசாலை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எனக்கு மார்பில் கட்டி. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்து, கெட்ட கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டவேண்டும், பிறகு ஐந்து கிழமை நாள்தோறும் கதிர்ச் சிகிச்சைக்குப் போகவேண்டும், பிறகு மருந்து ஏற்றவேண்டும். எனக்கு ஐம்பத்தாறு வயது. செத்தால் செத்ததுதான். ஆனால் என் பிள்ளை அப்பனை யார் பார்ப்பது? பதினேழு வயதில் என்னைவிட ஒரு முழம் உயரம். அவனைக் குளிக்கவார்க்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது. நடத்துகிறவர் ஜெயனி சிஸ்டர். அப்பன்போன்ற பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாடசாலையின் விசேட அலகில் அவனைப் பதினாலு வயதோடு நிறுத்திவிட்டார்கள் அல்லவா, பெரியவனாகிவிட்டான், மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று. இந்த சிஸ்டர் பயப்படவில்லை. பூவாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார். அவன் பின்னாலே போய் பயிற்றம் பாத்தி முழுவதற்கும் தண்ணீர் விட்டான். ஒரு பாத்தியையும் விடவில்லை. நான் கேற்றடியில் நின்று அழுதேன், தம்பி. அவனால் முடியும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

பதினெட்டு வயதுக்குள் சேர்ந்தால் எடுப்பார்கள். சேர்ந்தபின் தொழில் பழகி இருபத்தைந்து வயது வரைக்கும் இருக்கலாம். பதினெட்டு தாண்டிய ஆண்பிள்ளையை எடுக்கமாட்டார்கள், அது அவர்களின் கட்டுப்பாடு. அப்பனுக்கு வருகிற யூன் பதினொன்றில் பதினெட்டு. ஆனால் பத்திரத்தில் அவனுக்கு மார்ச்சில் இருபத்தொன்று.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், தெரியாதவன்போல் நீ இருக்கக்கூடாது. 2006 இல் மூத்தவன் வாகீசன் ஊரடங்குக்குள் காய்ச்சலில் செத்தான். இரண்டரை வயது. உரும்பிராயில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வளவின் பின்மூலையில் நீதான் குழி வெட்டி அவனைத் தாட்டாய். மரணத்தைப் பதியவில்லை. பதிந்தால் பங்கீட்டு அட்டையில் பெயர் வெட்டுப்படும், ஒரு ஆளின் மாவும் பருப்பும் குறையும் என்று நீயும் அத்தானும் சொன்னீர்கள். நானும் பேசாமல் இருந்தேன். அடுத்த வருடம் அப்பன் வீட்டிலேயே பிறந்தான். அட்டையில் ஒரு பிள்ளை ஏற்கெனவே இருந்தது. அண்ணனின் பத்திரத்துக்குள் தம்பியை இறக்கிவிட்டோம். அவனை ஒருநாளும் என்னால் வாகீசன் என்று கூப்பிட முடியவில்லை. அப்பன், அப்பன் என்றே கூப்பிட்டேன்.

சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. நானும், இரண்டையும் நேரில் கண்ட இன்னொருவரும் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் தாமதப் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அந்த விண்ணப்பத்தின் துண்டைக் காட்டினாலே சேர்த்துக்கொள்வேன் என்றார். அத்தான் இல்லை. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியும் செத்துவிட்டா. மூத்தவனைத் தாட்டதையும் இளையவன் பிறந்ததையும் கண்ட ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான்.

ஒருநாள் லீவு போட்டு வா. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா
கேதீஸ்வரி


சாவகச்சேரி
20.02.2025

அன்புள்ள அக்கா அறிவது,

தங்கள் 09.02.2025 ஆந் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் உடல்நிலை அறிந்து மிகவும் கவலையடைந்தேன். சிகிச்சையைத் தாமதிக்கவேண்டாமென வினயமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் கோரிய விடயம் தொடர்பில் சில நடைமுறைச் சிக்கல்களைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. முதலாவது, 2013 இல் மேற்படி பிள்ளையை விசேட அலகில் சேர்த்தபோது, பிறப்புப் பத்திரத்துக்குரிய பிள்ளையை நேரில் அறிவேன் என்று படிவத்தில் கையொப்பமிட்டவன் நானே. இரண்டாவது, நான் இப்போது ஓர் அதிபர். அன்று எழுதியது பொய் என்று இன்று சத்தியம் செய்தால், என்மீது ஒழுக்காற்று விசாரணை வர இடமுண்டு. எனக்கு இன்னும் ஏழு வருட சேவை இருக்கிறது. மூன்றாவது, மரணத்தை மறைத்தமைக்குத் தாங்களும் பதில் சொல்ல நேரிடலாம்.

எனவே, பத்திரத்தில் உள்ள வயதின்படியே வளர்ந்தவர்களுக்கான இல்லம் ஒன்றைத் தேடுவது உசிதம் எனக் கருதுகிறேன். நானும் விசாரித்துப் பார்க்கிறேன்.

இனி எழுதுவதாயின் உறையின்மேல் "தனிப்பட்டது" என்று எழுதவும். கந்தோரில் கடிதங்களை உடைத்துத்தான் என் மேசையில் வைப்பார்கள்.

இப்படிக்கு,
தம்பி
குகதாசன்


தெல்லிப்பழை
02.03.2025

அதிபர் ஐயா அவர்களுக்கு,

உன் சுற்றுநிருபம் கிடைத்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று நன்றாக எழுதியிருக்கிறாய். "மேற்படி பிள்ளை" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த மேற்படி பிள்ளை உன் வீட்டுக்கு வந்தால் உன் செருப்புகளைச் சோடி பார்த்து வாசலில் வைப்பானே, நினைவிருக்கிறதா?

வளர்ந்தவர்களுக்கான இல்லம் தேடு என்கிறாய். நான் தேடாமலா இருந்தேன்? இந்தக் குடாநாட்டில் நான் ஏறாத படி இல்லை. ஒரு இடத்தில் பெண்களை மட்டும் எடுப்பார்களாம். ஒரு இடத்தில் தன் வேலையைத் தானே பார்க்கிறவர்களை மட்டும் எடுப்பார்களாம். இன்னொரு இடத்தில் காத்திருப்போர் கொப்பியைக் காட்டினார்கள். அதில் நாற்பத்தியோராவது பெயராக எழுதிவிட்டு வந்தேன். அந்தக் கொப்பியில் ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் மேலே போவார்.

உண்மையான காரணத்தை நீ எழுதவில்லை. நானே எழுதுகிறேன். உன் மகள் கஜந்தினிக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்றாம். எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பராசக்தி, அவளுக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பொம்பிளை. பெண்ணின் மாமி நான். ஊரில் கடைசியாக அறிந்தவளும் நான். கலியாண நேரத்தில் சத்தியக்கடதாசி, கந்தோர், விசாரணை என்று கிளம்பினால் மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பனைப்பற்றித் தெரிந்துவிடும். அதுதானே உன் நாலாவது சிக்கல்?

நான் கிளினிக்குக்குப் போகிற நாள் இங்கே என்ன நடக்கிறது என்று கேள். போன கிழமை கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். யன்னல் பிணைச்சலைப் புடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். காங்கேசன்துறை ரெயில் வருகிற நேரம் தண்டவாளத்தில் இருந்து சல்லிக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தானாம். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அவருடைய கையில் அப்பன் கடித்த காயம். நான் அவரின் காலில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு கட்டிவிட்டுப் போகிறேன். பழைய சேலையால், இடுப்பில், கட்டில் காலோடு. உனக்கு ஒளித்து எழுத என்ன இருக்கிறது. நான் பெற்ற பிள்ளையை மாடு கட்டுவதுபோல் கட்டிவிட்டுப் போய், ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.

எனக்கு வேண்டியது உன் ஒரு கையெழுத்து.

கேதீஸ்வரி


சாவகச்சேரி
14.03.2025

அக்கா,

உங்கள் கடிதத்தை என் கந்தோரில் வைத்து வாசித்தேன். பிறகு இரண்டு பாடவேளை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் எழுதியது சரி. அந்த நாலாவதுதான் முதலாவது. மாப்பிள்ளை வீட்டார் அச்சுவேலி. தாயும் தகப்பனும் நல்ல மனிதர்கள்தான், ஆனால் முதல்நாள் பேச வந்தபோதே தகப்பன் கேட்டார், "உங்கடை பக்கத்திலை வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று. குணலட்சுமி நான் வாய் திறக்கமுதல் "ஒண்டுமில்லை" என்றாள். நானும் தலையாட்டினேன். கஜந்தினிக்கு இருபத்தாறு வயது. முன்னர் இரண்டு இடம் இதே காரணத்தால் முறிந்தது. காரணம் சொல்லாமலே விட்டுவிட்டார்கள், ஆனால் எங்களுக்குத் தெரியும். அந்த இரண்டாவது முறிந்த அன்று அவள் சாப்பிடாமல் கிடந்ததை நீங்கள் காணவில்லை.

கலியாணம் யூன் நாலாந் திகதி. அக்கா, யூன் ஐந்தாந் திகதி காலமை முதல் பஸ்ஸில் நான் உங்கள் வாசலில் நிற்பேன். பதினொன்றுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும். சமாதான நீதவான் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், அன்றே முடித்துத் தருவார். விசாரணை வந்தால் வரட்டும். அதுவரை மட்டும் பொறுங்கள். அச்சுவேலி சின்ன ஊர், என் பெயரோடு அந்தக் கடதாசி இல்லத்துக்குப் போனால் மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

நான் ஒன்றையும் மறக்கவில்லை. வாகீசன் செத்த அன்று அத்தான் கிணற்றுக்கட்டை விட்டு எழும்பவில்லை. வெங்காயத்தறையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து நான்தான் வெட்டினேன். மேலே கல்லு, ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. நாய் கிண்டும் என்று பயந்து திரும்பவும் வெட்டினேன். வாகீசனை நான் படிப்பிக்கப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சேட்டில் சுற்றியிருந்தேன். இன்றைக்கும் சில நாளில் வெள்ளைச் சேட்டை எடுத்துவிட்டு, போடாமல் திரும்பக் கொழுவிவிடுவேன். இதை நான் குணலட்சுமிக்கும் சொன்னதில்லை.

யூன் ஐந்து. சத்தியம்.

தம்பி
குகன்


தெல்லிப்பழை
23.03.2025

தம்பி குகன்,

சரி. யூன் ஐந்து.

உன் கடிதத்தில் வந்த "ஆறு நாளை" விரலில் எண்ணிப் பார்த்தேன். வேறு வழி எனக்கும் இல்லை. கஜந்தினி நல்லாய் இருக்கவேண்டும். அவள் சின்னப்பிள்ளையில் என் மடியில் இருந்து சோறு தின்றவள். அவளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஜெயனி சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஒரு கட்டிலை அப்பனுக்கென்று யூன் பதினொன்று வரைக்கும் வைத்திருப்பதாகச் சொன்னார். "அதுக்கு மேலை என்ரை கையிலை இல்லையம்மா. வெளியிலை முப்பது தாய்மார் நிக்கினம்" என்றார். அப்பனைக் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிலைக் காட்டினேன். ஏறிப் படுத்துக்கொண்டான். வரமாட்டேன் என்று ஒரே பிடி. அவனை இழுத்துக்கொண்டு வர நானும் சிஸ்டரும் பட்ட பாடு.

எனக்கு வெட்ட ஏப்பிரல் எட்டாந் திகதி தந்திருந்தார்கள். அன்றைக்குப் போய்ப் படுத்தால் எழும்ப ஒரு மாதமாகும், அந்த ஒரு மாதம் இவனை எங்கே விடுவது? யூனில் வருகிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அந்த டொக்டர்ப் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, இது தள்ளிப்போடுற வருத்தமில்லை. விளங்குதா?" என்றா. விளங்குது என்றேன். துண்டில் ஏதோ எழுதி இரண்டுதரம் அடிக்கோடு போட்டுத் தந்தா.

கலியாணத்துக்கு நான் வரமாட்டேன், பயப்படாதே. அன்றைக்குக் கோயிலில் அவளின் பெயருக்கு ஒரு அருச்சனை செய்வேன்.

அக்கா


சாவகச்சேரி
19.05.2025

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா போன வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். நல்ல சுகதேகியாய் இருந்த மனிதர், தோட்டத்தில் விழுந்தவர்தான். அவர்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, யூன் நாலில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். வைகாசி போய்விட்டது. ஆனியில் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, ஆடியில் செய்யமாட்டார்கள். ஆவணிக்கு நாள் வைத்திருக்கிறார்கள், ஓகஸ்ற் இருபத்துநாலு.

அக்கா, இப்போது நான் வந்து சத்தியக்கடதாசி கொடுத்தால், நடுவில் மூன்று மாதம் கிடக்கிறது. மூன்று மாதம் அந்தக் கதை அச்சுவேலியில் கிடந்து ஊறும். மண்டபம் மாற்றி, கூறைக்குச் சொல்லி, எல்லாம் ஆகி நிற்கிற நேரத்தில் முறிந்தால் கஜந்தினி உயிரோடு இருக்கமாட்டாள் என்று குணலட்சுமி சொல்கிறாள். நான் குணலட்சுமியைச் சாட்டவில்லை. பயம் என்னுடையதுதான்.

சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதம் தவணை தரமாட்டாரா? நல்ல மனம் உள்ளவர் என்றுதானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய பாவம் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

தம்பி


தெல்லிப்பழை
11.06.2025

குகதாசன்,

அப்பனுக்கு இன்றைக்குப் பதினெட்டு.

உன் கடிதத்துக்குப் பிறகு நான் தனியே போனேன். பதிவாளர் கந்தோரில் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவாளர் இருக்கச் சொல்லி, தண்ணீர் தந்து, முழுவதையும் கேட்டார். "நீங்கள் சொல்லுறது உண்மையாய்த்தான் இருக்கும் அம்மா. ஆனால் தாய் ஒராளின்ரை சொல்லிலை ஒரு பிள்ளையைச் சாகவும் ஒரு பிள்ளையைப் பிறக்கவும் எழுத ஏலாது. கண்ட ஆள் ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருக்கிறான், வரமாட்டான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பராசக்தி தான் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றாள். அவள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது 2012 இல்.

சிஸ்டர் இன்று பின்னேரம் நாலு மணிவரை பார்த்திருந்தார். பிறகு கட்டிலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன். என்னைப்போலத்தான் இருந்தாள்.

இனி எனக்கு எழுதாதே.


சாவகச்சேரி
07.09.2025

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதற்குள் என் சத்தியக்கடதாசி இருக்கிறது. செப்ரெம்பர் மூன்றில் முடித்தேன். வாகீசன் செத்தது, தாட்டது, அப்பன் பிறந்தது, நான் பொய்ப் படிவத்தில் கையெழுத்து வைத்தது, ஒன்றும் மறைக்கவில்லை. ஒரு பிரதியை வலயக் கந்தோருக்கும் நானே கொடுத்துவிட்டேன்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கலியாணம் முடிந்து கஜந்தினி கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்கு, அச்சுவேலிக்குப் போனாள். நாலாம் நாள் மாமியார் அவளைக் கையில் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. குசினிக்குப் பின்னால் ஒரு அறை. அதற்குள் மாப்பிள்ளையின் தங்கை, பதினைந்து வயது. பேச்சு இல்லை, நடை சரியில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்த் தாயின் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் முடிய அழைத்து வந்திருக்கிறார்கள். "பிள்ளை, கோவிக்காதை. உங்கடை பக்கம் அறிஞ்சால் விட்டிட்டுப் போயிடுவினம் எண்டு பயந்திட்டம்" என்று மாமியார் கஜந்தினியின் கையைப் பிடித்து அழுதாவாம்.

கஜந்தினி எனக்குப் போன் எடுத்தாள். ஏசவில்லை. "அப்பா, எங்கடை அப்பனைப்பற்றி நான் இவைக்குச் சொல்லட்டோ?" என்று மட்டும் கேட்டாள். சொல் என்றேன். அவள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாளாம். பிறகு மாமனார், "அப்ப நான் முதல்நாள் கேட்டது..." என்று தொடங்கி, முடிக்காமல் எழும்பிப் போனாராம்.

அவர்கள் எங்களுக்குப் பயந்தார்கள். நான் அவர்களுக்குப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு நான் அப்பனின் கட்டிலைக் கொடுத்தேன். முதல்நாளே நான் ஓம், இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர்களும் ஓம், எங்களுக்கும் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சிஸ்டரின் காலில் விழுந்தாவது கேட்கிறேன். கதவைத் திறவுங்கள்.

குகன்


விடுதி இல. 7, தெல்லிப்பழை ஆஸ்பத்திரி
21.09.2025

தம்பி குகன்,

நீ வந்தாயாம், பூட்டின வீட்டைச் சுற்றிவந்து கூப்பிட்டாயாம், கிணற்றடியில் இருந்து அழுதாயாம். பராசக்தி வந்து சொன்னாள். உன் கடிதத்தையும் அவள்தான் கொண்டுவந்து தந்தாள். என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டவள் நான்தான். இப்போது சொல்கிறேன், வா. ஆனால் அதற்கு முதல் இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை. அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் அவளுடைய சொந்தப் பத்திரம் இருக்கும். அந்தத் தாயைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே சிஸ்டரிடம் போ. பெண்பிள்ளைகளின் பக்கம் அங்கே வேறாக இருக்கிறது. நாள், நட்சத்திரம், துடக்கு ஒன்றும் பார்க்காதே. இவ்வளவு பெரிய கடிதத்தில் நீ அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. போகமுதல் அதைக் கேட்டு அறி.

எனக்கு இப்போது வெட்டுகிற கட்டம் தாண்டிவிட்டதாம். மருந்து மட்டும் ஏற்றுகிறார்கள். டொக்டர் பிள்ளை இப்போது என்னோடு கோபிக்கிறதில்லை. அதிலிருந்து எனக்கு விளங்குகிறது.

அப்பனைப்பற்றி எழுதவேண்டும். தெற்கே, குருநாகல் தாண்டி, வளர்ந்த ஆண்களுக்கான இல்லம் ஒன்றில் இடம் எடுத்துத் தந்தார்கள். சமூகசேவைக் கந்தோர்ப் பிள்ளை ஒருத்தி ஓடித்திரிந்து செய்தாள். அங்கே இருபத்தொன்று ஆனவர்களைத்தான் எடுப்பார்கள், பத்திரத்தில் அந்த வயது இருந்தபடியால் எடுத்தார்கள். கஜந்தினியின் கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள், ஓகஸ்ற் இருபத்தொன்பது, வாடகை வானில் கொண்டுபோய் விட்டோம். வான் ஓட்டினது முருகேசு, அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அப்பன் வழி முழுவதும் சந்தோஷமாக வந்தான். அச்சுவேலிக் கட்டிலுக்குப் போகிறோம் என்று நினைத்தானோ தெரியாது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடம் துப்புரவு, சோறு இருக்கிறது, மரம் இருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. அப்பன் சொல்லுகிற சொல்லை எல்லாம் நான் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாற்பது வரும். தண்ணி, சோறு, நோகுது, அம்மா, போதும். இந்த நாற்பதையும் வைத்துக்கொண்டு அவன் அங்கே யாரோடு கதைப்பான்?

முற்றத்தில் நின்று ஒரு மனிதர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். "வாகீசன்." அப்பன் பைப்படியில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பவில்லை. அவர் கிட்டப்போய்க் கூப்பிட்டார். கையைத் தட்டியும் கூப்பிட்டார். தண்ணீரைப் பார்த்தால் அவன் கை தட்டலுக்குத் திரும்புகிற பிள்ளையா? மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு அவர் இடாப்பில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று முருகேசுவிடம் கேட்டேன்.

"பெடியனுக்குக் காது கேக்காது எண்டு எழுதுறார், அக்கா."

அவனுக்குக் காது கேட்கும், அது அவனுடைய பெயர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மனிதர் பத்திரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து ஒன்று கேட்டார். "இதிலை இருக்கிறது இவன்ரை பேர்தானே எண்டு கேக்கிறார்" என்றார் முருகேசு.

ஓம் என்றேன், தம்பி. இல்லை என்றிருந்தால் பத்திரம் பொய் என்று அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். செப்ரெம்பர் முதலாந் திகதி எனக்கு இங்கே கட்டில் தந்திருந்தார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்காத நேரத்தில் வானில் ஏறினேன்.

இரண்டாவது வேலை இதுதான். காது கேளாதவன் என்று எழுதிவிட்டால் இனி அவனோடு ஒருவரும் பேசமாட்டார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள், தள்ளுவார்கள், அவ்வளவுதான். இருக்கிற நாற்பது சொல்லும் போய்விடும். உன் சத்தியக்கடதாசியை அங்கே காட்டாதே. இப்போது அதைக் காட்டினால் அவனுக்கு அந்த இடமும் இல்லாமல் போகும். இதோடு திருப்பி அனுப்புகிறேன், அதை நீயே வைத்திரு. நீ மட்டும் போ. அந்த மனிதரைப் பக்கத்தில் நிற்கச் சொல். அப்பன் பைப்படியில்தான் நிற்பான், கிட்டப் போகாமல் பின்னால் நின்று "அப்பன்" என்று கூப்பிடு. அவன் திரும்பிப் பார்ப்பான். அதை அந்த மனிதர் காணவேண்டும்.

அக்கா